தடாகம் கழுவ ஒரு மெஷின் பார்த்துச் சொல்லு

வலிகாமத்தில் எங்கட ஊர்ப்பக்கம் இப்ப நீச்சல் தடாகம் உள்ள வீடுகள் ஒன்றிரண்டு வந்துவிட்டன. கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறவை. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஐந்தாறு கிழமை வந்து நிற்பார்கள். மிச்ச நாள் முழுக்க வீடும் தடாகமும் ஊரில் இருக்கிற ஆரோ ஒருவரின் பொறுப்பு. அப்படியொரு வீட்டின் திறப்பு என் அம்மாவிடம் இருக்கிறது. வீடு பெரியம்மாவின் மகனுடையது. அவர் ரொறன்ரோவில் இருக்கிறார்.

போன வருசம் அண்ணா வட்ஸப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டார். "தங்கச்சி, தடாகம் கழுவ ஓட்டோமற்றிக் மெஷின் இருக்குது தானே. நீ கம்பசில படிக்கிறாய், எது நல்லது எண்டு பார்த்துச் சொல்லு. அது வந்தா அந்தக் கூலியை நிப்பாட்டலாம்." கூடவே எட்டு லிங்க். நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். மெஷினுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கம்பஸ் போற பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது வெளிநாட்டுச் சொந்தக்காரரின் நம்பிக்கை. அதோடு ஒரு சந்தேகமும் எனக்கு வந்தது. 'கூலி' என்று அவர் சொன்னது காசையா, ஆளையா? எங்கட மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ஆள் என்றால், கிழமைக்கு இரண்டு தரம் வந்து அந்தத் தடாகத்தைக் கழுவுகிற அண்ணை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். எங்கட ஊரில் கிணறு இறைக்கிறதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தரம் வந்தால் 2,000 ரூபா. கிழமைக்கு 4,000. அண்ணா போட்ட கணக்கு நேரானது: 52 கிழமைக்கு 2,08,000 ரூபா. அவர் பார்த்து வைத்திருந்த மெஷின் கனடாவில் 1,200 டொலர் அளவில், எங்கட காசுக்கு இரண்டரை லட்சம் வரும். ஒண்டேகால் வருசத்தில் மெஷின் காசு திரும்பி வந்துவிடும், பிறகு எல்லாம் மிச்சம்.

இந்தக் கணக்குச் சரியா என்று பார்க்கத்தான் நான் இந்த விசயத்துக்குள் இறங்கினேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்களில் அரைவாசிப் பேருக்கு வீட்டுக் கிணறே வத்திப் போயிருக்கும், தடாகம் எங்கே என்று கேட்பீர்கள். ஆனால் "நீ படிச்ச பிள்ளை, பார்த்துச் சொல்லு" என்று கேட்கிற ஒரு அண்ணாவோ சித்தப்பாவோ உங்களுக்கும் இருப்பார்.

முதல் கேள்வி: பத்து மாசம் ஆரும் குளிக்காத தடாகத்தை ஏன் கழுவ வேண்டும்? சும்மா விட்டால் என்ன?

சும்மா விட்டால் ஒரு கிழமையில் பச்சை பிடிக்கும், குளோரின் இறங்கிவிடும், நுளம்பு முட்டை போடும். வாடைக்காற்று மழைக்குப் பிறகு மார்கழி, தை மாசங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படி ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி காணியில் நுளம்பு பெருக விட்டால் வழக்குப் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்லப் போவது ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா இல்லை, திறப்பு வைத்திருக்கிற அம்மா. சரி, தண்ணியை வெளியேற்றி வெறுமையாய் விடலாமா? அதுவும் பிழை. மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது வெறும் தடாகத்தைக் கீழிருந்து தள்ளும். உள்ளே தண்ணியின் பாரம் இல்லாவிட்டால் தரை வெடிக்கலாம், சிலவேளை முழுத் தடாகமே மேலே எழும்பலாம்.

அந்தத் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.35 மீற்றர் ஆழம். பெருக்கிப் பார்த்தால் 43,200 லீற்றர். வீட்டுக் கூரையில் இருக்கிற 1,000 லீற்றர்த் தாங்கியில் 43 தாங்கி. ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் 43 தாங்கி நல்ல தண்ணி. கட்டியாகிவிட்டது, இனி அதைப் பழுதாக்காமல் வைத்திருப்பதுதான் குறைந்த கேடு.

இப்ப மெஷின்களுக்கு வருவம். சந்தையில் எத்தனை பெயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்று வகைதான்.

முதலாவது உறிஞ்சுகிற வகை. இதற்குள் மோட்டர் எதுவும் இல்லை. தடாகத்தின் பம் தண்ணியை உறிஞ்சுகிற வாயில், அதாவது மேலே மிதக்கும் குப்பையை இழுக்கிற ஸ்கிம்மரில், நீளமான ஒரு குழாயை மாட்டி, மற்ற நுனியில் மெஷினைப் போட்டால் அது தரையில் ஊர்ந்து ஊர்ந்து ஊத்தையை இழுக்கும். இந்த வகையில் மிகப் பிரபலமான 'கிறீப்பி கிறோலி' தென்னாபிரிக்காவில் பிறந்தது. பெல்ஜியன் கொங்கோவிலிருந்து அங்கே குடியேறிய பேர்டினண்ட் ஷோவியர் என்ற நீரியல் பொறியியலாளர் 1974இல் அதை உருவாக்கினார். உள்ளே ஒரு சின்ன மடல் அடித்து அடித்துத் தண்ணியின் ஓட்டத்தை நிறுத்தி விடும். அந்த உதறலில்தான் மெஷின் நகரும். எளிமையான, கெட்டித்தனமான யோசனை. அந்தக் காலத்துத் தென்னாபிரிக்காவில் நடந்தது இனவொதுக்கல் ஆட்சி. வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் தடாகம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். தானாக ஓடுகிற மெஷின் பற்றிப் படிக்கும்போது, அது வரும் முன் அந்த வேலையை ஆர் செய்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு முதலில் வந்தது இந்த இடத்தில்தான்.

உறிஞ்சுகிற வகை விலை குறைவு, திருத்துவதும் சுகம். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால் தடாகத்தின் பெரிய பம் ஓட வேண்டும். இழுத்த தூசு முழுக்க மண் வடிகட்டிக்குப் போகும். வடிகட்டி அடைத்தால் தண்ணியைத் திருப்பி விட்டுக் கழுவ வேண்டும். மணித்தியாலத்துக்கு 10,000 லீற்றர் இழுக்கிற பம்மில் 3 நிமிசம் திருப்பிக் கழுவினால் 500 லீற்றர் போய்விடும். கிழமைக்கு ஒருக்கா என்றால் வருசத்துக்கு 26,000 லீற்றர். தடாகத்தில் அரைவாசிக்கும் மேல்!

இரண்டாவது அழுத்தத்தில் ஓடுகிற வகை. தடாகத்துக்குத் திரும்பி வருகிற தண்ணியின் வேகத்தில் சில்லுச் சுற்றும், குப்பை ஒரு பைக்குள் போகும். பெரிய இலைகளுக்கு இது திறம். ஆனால் இந்த வகையில் பலதுக்குத் தனியான இன்னொரு பம்மும், சுவருக்குள்ளால் தனிக் குழாயும் வேண்டும். கட்டும்போதே யோசித்திருக்க வேண்டிய விசயம். எங்களுடையதில் அது இல்லை. இனிச் சுவரை உடைக்க ஏலாது.

மூன்றாவது ரோபோ. இதற்குள்ளேயே மோட்டர், பம், வடிகட்டிக் கூடை எல்லாம் இருக்கும். கரையில் ஒரு மின்மாற்றிப் பெட்டி. அது வீட்டுக் கரண்டை 30 வோல்ற்றுக்கும் குறைவான நேரோட்டமாக மாற்றி ஒரு நீள வயரால் மெஷினுக்கு அனுப்பும். தரையைத் தூரிகையால் தேய்த்து, தண்ணியை இழுத்து, குப்பையைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, சுத்தமான தண்ணியை வெளியே விடும். நல்லவை சுவரிலும் ஏறும். பெரிய பம் ஓடத் தேவையில்லை. 180 வற்றில் இரண்டரை மணித்தியாலம் ஓடினால் அரை யூனிற்றுக்கும் குறைவு. ஒரு குதிரைவலுப் பம் அதே நேரம் ஓடினால் இரண்டு யூனிற்றுக்கு மேல் போகும். ஒரு விசயம்: குளோரின் எல்லா இடமும் பரவுவதற்காகப் பெரிய பம்மை எப்படியும் நாளுக்குக் கொஞ்ச நேரம் ஓட விடத்தான் வேண்டும். அதால் 'கரண்ட் பில் அப்படியே இறங்கிவிடும்' என்ற விளம்பரத்தைப் பாதி மட்டும் நம்புங்கோ.

எங்கட இடத்துக்கு ரோபோதான் பொருந்தும் என்று எனக்குப் பட்டதுக்கு முக்கிய காரணம் தண்ணி. குப்பை அதன் கூடைக்குள்ளேயே நிற்பதால் மண் வடிகட்டியைத் திருப்பிக் கழுவுகிற தடவைகள் குறையும். கூடையைக் கழுவ இரண்டு வாளித் தண்ணி போதும். குடாநாட்டின் நிலத்தடியில் நல்ல தண்ணி சுண்ணக்கல்லுக்குள் உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். இதை நாங்கள் முதலாம் வருசத்திலேயே படிக்கிறோம். ஊர்ச்சனம் அதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறது.

ரோபோ என்று முடிவெடுத்தாலும் எந்த ரோபோ என்று பார்க்க வேண்டும். அண்ணா அனுப்பிய எட்டு லிங்கிலும் ஒரே பிரச்சினை இருந்தது. எல்லாம் கனடாக் கடைகள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற், இங்கே 230. அங்கத்தைய மின்மாற்றிப் பெட்டியை அப்படியே இங்கே செருகினால் முதல் நாளே எரியலாம். பிளக் மாத்துகிறது சின்ன வேலை, வோல்ற்றேஜ் அப்படி இல்லை. ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ கொழும்பிலோ வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு லிங்கில் இருந்தவை வயர் இல்லாத, பற்றறியில் ஓடுகிற வகை. பயணப் பெட்டிக்குள் கொண்டு வரலாம் என்பது அண்ணாவின் திட்டம். லித்தியம் பற்றறி 100 வற்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்திடம் அனுமதி எடுக்க வேண்டும், 160க்கு மேல் என்றால் பயணிகள் கொண்டுவரவே ஏலாது. பற்றறி மெஷின் வாங்க யோசிக்கிறவர்கள் அந்த இலக்கத்தை முதலில் பாருங்கோ.

அடுத்தது எங்கட ஊர் ஊத்தை. விளம்பரப் படங்களில் தடாகத்துக்குள் இரண்டு மூன்று மேப்பிள் இலை அழகாய்க் கிடக்கும். எங்கட பக்கம் செம்மண். ஆடி மாசம் சோளகக் காற்று அடித்தால் மா மாதிரியான சிவப்புத் தூசு தண்ணியில் இறங்கித் தரையில் படியும். பெரிய கண் உள்ள வடிகட்டி அதைப் பிடிக்காது. ஒரு பக்கத்தால் இழுத்து மற்றப் பக்கத்தால் புகையாக விடும். அதனால் நுண்ணிய வடிகட்டி கட்டாயம். வேப்பம் பூவும் மாவிலையும் விழும் காலத்துக்குக் கண் பெரிய வடிகட்டியும் வேண்டும். இரண்டையும் மாத்திப் போடக்கூடிய மெஷினாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிய பிறகுதான், இதையெல்லாம் கையால் செய்கிற ஆளிடம் ஒரு நாள் முழுக்கப் போய் நிற்போம் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவிடம் திறப்பை வாங்கிக்கொண்டு போனேன்.

அண்ணை முதலில் செய்தது தடாகத்தைச் சுற்றி ஒரு நடை. எதையும் தொடவில்லை, பார்த்தார். "தண்ணி ஒரு விரல் குறைஞ்சிருக்கு பிள்ளை. வெயிலுக்குப் போனதோ, குழாய் ஒழுகுதோ எண்டு பாக்கோணும்." பிறகு வலையால் மேலே மிதந்த இலைகளை எடுத்தார். ஸ்கிம்மர்க் கூடையைக் கழட்டிக் கொட்டினார். உள்ளே ஒரு தேரை உயிரோடு இருந்தது, அதை வாழைக்கடியில் விட்டார். சின்னப் போத்தலில் தண்ணி எடுத்து இரண்டு துளி மருந்து விட்டு நிறம் பார்த்தார். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில். இலக்கங்களை அவர் சொல்லவில்லை. "இந்த மஞ்சள் காணாது" என்றார். அந்த அட்டையில் அது 0.5. பிறகு படிகளையும் மூலைகளையும் ஏணிக்குப் பின்பக்கத்தையும் தூரிகையால் தேய்த்தார். நீர்மட்டத்தில் ஓடு முழுக்க வெள்ளையாய்ப் பிடித்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். வீட்டுக் கேத்திலுக்குள் படிகிற அதே கல்லுத்தான். கடைசியில் ஆறு மீற்றர்த் தடியில் வக்கூம் தலையை மாட்டி, குழாய்க்குள் தண்ணி நிரப்பி, தரையை ஒரு கோடு விடாமல் இழுத்தார். அது மட்டும் ஒன்றரை மணித்தியாலம். இரண்டு தரம் தடியை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கொப்பியில் கோடு போட்டுப் பார்த்தேன். சுற்றிப் பார்க்கிறது, வலை போடுகிறது, ஸ்கிம்மர், தண்ணிப் பரிசோதனை, மருந்து போடுகிறது, படியும் மூலையும் தேய்க்கிறது, சுண்ணாம்பு சுரண்டுகிறது, தரை இழுக்கிறது, மண் வடிகட்டியைக் கழுவுகிறது. ஒன்பது வேலை. இதில் ரோபோ முழுமையாய்ச் செய்வது ஒன்று: தரை இழுக்கிறது. சுவரை ஒரு அளவுக்குத் தேய்க்கும். படி, மூலை பல மெஷின்களுக்கு எட்டாது. குளோரின் குறைவு என்று அதுக்குத் தெரியாது. தண்ணி ஒரு விரல் குறைந்தது தெரியாது. தேரையை வாழைக்கடியில் விடத் தெரியாது. கூடை நிரம்பினால் அதைத் திறந்து கழுவவும் ஒரு ஆள் வேண்டும். 'ஓட்டோமற்றிக்' என்று பெட்டியில் எழுதியிருக்கிற சொல் ஒன்பதில் ஒன்றுக்குத்தான் பொருந்துகிறது. மற்ற எட்டும் ஒரு ஆளின் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. அந்த எட்டும் வேலையாகவே அண்ணாவின் கணக்குக்குள் வரவில்லை. வீடியோ கோலில் பார்க்கும்போது தெரிந்தது தடியோடு நிற்கிற ஒருவர் மட்டும்தான்.

மெஷின் விசயத்தை அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கமாய் இருந்தது. நேராகவே கேட்டேன். அவர் கோபிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எவ்வளவு பாரம்?"

"பத்துக் கிலோ வரும் அண்ணை."

"தண்ணியோட?"

அது ஒரு விளம்பரத்திலும் இல்லை! தண்ணிக்குள்ளிருந்து வெளியே எடுக்கும்போது உள்ளே நிறைந்த தண்ணியும் சேர்ந்து பாரமாய் இருக்கும். அந்த நேரம் அதைத் தூக்கப் போவது தோள் நோகிற ஒருவர். சில மெஷின்கள் மேலே வந்தவுடன் தண்ணியை வேகமாய் வெளியே விடும், சிலதுக்குச் சில்லு வைத்த வண்டி இருக்கிறது. கூடையை மேல்பக்கத்தால் எடுக்கிற மெஷின் என்றால் முழு மெஷினையும் கவிழ்க்கத் தேவையில்லை. நான் போட்ட பட்டியலில் இந்த மூன்றும் இருக்கவில்லை. அவர் கேட்ட ஒரு கேள்வியில் மூன்றும் வந்தன.

"மெஷின் வந்தா நல்லம் பிள்ளை," என்றார். "இந்தத் தடிதான் என்ர தோளைத் திண்டது. அது போனா எனக்குச் சந்தோசம். ஆனா என்னையும் சேத்து அனுப்பிப்போட்டு, பச்சை பிடிச்ச பிறகு கூப்பிடக் கூடாது."

அண்டைக்கு வேலை முடிந்து வேப்பமரத்தடியில் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் அந்த வளவுக் கிணற்றைக் காட்டிக் கதைத்தார். 1990இல் எங்கட ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. வருசக்கணக்காய் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் காணிகள் விடுபட்டபோது, திரும்பி வந்த சனம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று கிணறு இறைக்கிறது. அந்த நேரம் ஒரு நாளைக்கு இரண்டு கிணறுகூட இறைத்திருக்கிறாராம். மண், மரவேர், இரும்பு, ஓட்டுத்துண்டு எல்லாம் வாளி வாளியாய் வெளியே வந்திருக்கிறது. இந்த வளவுக் கிணற்றையும் அவர்தான் இறைத்தார்.

"நாங்கள் சின்னனா இருக்கேக்க அம்மா இந்தக் கிணத்தடியில குடத்தோட நிப்பா. ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் நிக்கோணும். கயித்தைத் தொட ஏலாது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கோப்பையைக் கழுவி, தான் கொண்டு வந்த பைக்குள் வைத்தார். அது அவர் வீட்டிலிருந்து கொண்டு வருகிற கோப்பை.

மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது 1968இல். அந்தப் போராட்டத்தைப் பற்றி நாங்கள் கருத்தரங்கில் கதைக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம். அதே பக்கத்து வளவொன்றில், கயிற்றைத் தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒருத்தியின் மகன் அதே கிணற்றின் அடிவரைக்கும் இறங்கிச் சேறு அள்ளியிருக்கிறார். இப்ப தடாகத்துக்கும் அவர்தான். தண்ணியைத் துப்புரவாக்க இறங்கலாம், தண்ணியை அனுபவிக்க இறங்கக் கூடாது என்று ஆரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லாமல் இருக்கிறது. ஒரு நாள் அவருடைய பேத்தி கூட வந்திருந்தாள், ஆறு வயது. படியில் இருந்து காலைத் தண்ணிக்குள் விட்டாள். அவர் திரும்பிப் பார்த்து, "எடு" என்று மட்டும் சொன்னார். பிள்ளை எடுத்துவிட்டது. நான் "இருக்கட்டும் அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். பிள்ளை திரும்பக் காலை விடவில்லை.

இதையெல்லாம் மெஷின் சரி செய்யாது. மெஷினை வாங்காமல் விட்டாலும் சரியாகாது. தோள் தேய்கிற ஒரு வேலையை 'பாரம்பரிய உழைப்பு' என்று பாராட்டி அவரையே செய்ய விடுவது எனக்கு நியாயமாய்ப் படவில்லை. கிணறு இறைக்கிறதைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் ஒருக்கா இறங்கிப் பார்க்க வேண்டும். என் கேள்வி வேறு: மெஷின் வருவதால் மிச்சப்படுகிற நேரமும் உடம்பும் ஆருடைய கணக்கில் சேர வேண்டும்? அண்ணாவின் கணக்கில் அது முழுக்க அவருடைய காசாக மாறியிருந்தது. தோள் அண்ணையுடையது, மிச்சம் மட்டும் ஏன் அண்ணாவுடையது?

இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். முதல் பக்கத்தில் மெஷின்: வயருள்ள ரோபோ, 230 வோல்ற், சுவர் ஏறுவது, மேலால் எடுக்கிற கூடை, இரண்டு வகை வடிகட்டி, சில்லு வண்டி, வயர் நீளம் குறைந்தது 15 மீற்றர். மின்மாற்றிப் பெட்டி தடாகக் கரையிலிருந்து 3 மீற்றருக்கு மேல் தள்ளி, நிழலில், ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பில். மெஷின் ஓடும்போது ஆரும் தண்ணிக்குள் இறங்கக் கூடாது. ஓடி முடிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், எந்நேரமும் குளோரினுக்குள்ளும் வெயிலிலும் கிடந்தால் வயர் சீக்கிரம் பழுதாகும். யாழ்ப்பாணத்தில் இதைத் திருத்துகிற கடை எனக்கு அகப்படவில்லை, கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அதனால் தூரிகை, வார் போன்ற தேய்கிற சாமான்களை மெஷினோடேயே வாங்க வேண்டும்.

இரண்டாம் பக்கத்தில் அந்த ஒன்பது வேலைகள், எதை ஆர் செய்வது என்று. அதோடு, குளோரினும் அசிட்டும் வெறுங்கையால் கையாள்கிற பொருள் இல்லை, இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு வரும், கையுறையும் முகக்கவசமும் செலவுக் கணக்கில் வர வேண்டும் என்றும் எழுதினேன்.

அண்ணா வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய், ஆனா அப்ப மெஷின் வாங்கி எனக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். என்னால் அதற்கு நல்ல பதில் சொல்ல முடியவில்லை. தண்ணி மிச்சம், தரை நல்லாய் இருக்கும், நீங்கள் வரும்போது பச்சை இருக்காது என்றேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

முடிவைக் கொண்டு வந்தது அண்ணைதான். என் போனை வாங்கித் தானே ஒரு வொய்ஸ் போட்டார். "தம்பி, மெஷினை வாங்குங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன். ஆனா வந்த நாளுக்குக் கூலி எண்டு வேண்டாம், மாசச் சம்பளமாத் தாங்கோ. 15,000 தாங்கோ. மழை பெய்ஞ்சாலும் தாங்கோ." இப்படியொரு கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு தரமும் ஒழுங்காய் வந்தால் மாசத்துக்கு 17,000 அளவில் வரும். ஆனால் கார்த்திகை, மார்கழி மழைக்கு வர முடியாத கிழமைகளில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது நிச்சயம். அதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. பேரம் பேசத் தெரிந்த ஆளுக்காக நான் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அண்ணா ஒத்துக்கொண்டார். "ஒரு வருசத்துக்குப் பாப்பம்" என்ற நிபந்தனையோடு. ரோபோ சுவிசில் இருக்கிற சித்தியின் பெட்டியில் வந்தது. இப்ப கிழமைக்கு இரண்டு தரம் அண்ணை அதைத் தண்ணிக்குள் இறக்கிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கிறார். மூன்று மணித்தியாலத்தில் முடிந்த வேலை ஒன்றரையில் முடிகிறது. நுண்ணிய வடிகட்டி செம்மண்ணுக்கு நல்லாய்ப் பிடிக்கிறது. ஆனால் இரண்டு தரம் ஓடியதும் அடைத்துவிடும், உடனே கழுவ வேண்டும். படிகளை இன்னும் கையால்தான் தேய்க்கிறார். ஏணிக்குள் ஒரு தரம் வயர் சிக்கி மெஷின் அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. "இதுக்கும் ஒரு ஆள் காவல் நிக்கோணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு வருசம் முடிய இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. அப்போது அண்ணா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மெஷின் ஓடுகிறது, தண்ணி தெளிவாய் இருக்கிறது, இனி ஆள் எதற்கு என்று அவர் கேட்கக் கூடும். அந்த ஒன்பது வேலைப் பட்டியலைத் தடாகத்துப் பம் அறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் செய்ததுக்கு நேரே அண்ணை திகதி போடுகிறார். ஆவணியில் அண்ணா வரும்போது அதை வாசிக்கட்டும்.

உங்களிடமும் ஆரும் ஒரு மெஷின் பார்த்துச் சொல்லு என்று கேட்டால், தடாகமோ தோட்டமோ சமையலறையோ, விலையையும் வற்றையும் பார்க்கிறதுக்கு முதல் அந்த வேலையை இப்ப செய்கிற ஆளோடு ஒரு நாள் போய் நில்லுங்கோ. பல வீடுகளில் அது உங்கட அம்மாவாய் இருக்கும். எத்தனை வேலை என்று எண்ணுங்கோ. எது நோகிறது என்று கேளுங்கோ. என்ன வேணும் என்றும் கேளுங்கோ. அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. அண்ணைதான் தானாகச் சொன்னார்.